பிடரியில் ஓடும் தண்ணீர்

"உங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு நன்றாக நீந்தத் தெரிகிறது. கையில்தான் வலு போதாது." வெளிமாவட்டத்தில் நடந்த ஒரு நீச்சல் போட்டியில், பார்வையாளர் படிக்கட்டில் என் அருகே இருந்த பெரியவர் சொன்னது இது. நல்லெண்ணத்தோடுதான் சொன்னார். அப்போதுதான் 100 மீற்றர் பிரீஸ்டைல் முடிந்திருந்தது. என் மருமகள், அக்காவின் மகள், முதல் பாதி முழுவதும் மற்றவர்களோடு சமமாக வந்தாள். திரும்பிய பிறகு ஒவ்வொரு கைவீச்சுக்கும் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்தங்கி, கடைசிக்கு முந்தியவளாகச் சுவரைத் தொட்டாள். முட்டை கொடுங்கள், பால் கொடுங்கள், தண்டால் எடுக்கச் சொல்லுங்கள் என்று பெரியவர் அறிவுரையும் தந்தார். நான் தலையாட்டிக்கொண்டேன். ஆனால் அந்தப் பேச்சு மனதில் முள்ளாகத் தங்கிவிட்டது. மட்டக்களப்புக் கல்லடியில் பிறந்து வளர்ந்த அந்தப் பிள்ளை, கச்சான் காற்று முகத்தில் அறையும்போது அதற்கு எதிராகத் தோணி வலிப்பவள். வலை இழுப்பவள். அவளுடைய தோளைப் பார்த்த எவரும் வலு இல்லை என்று சொல்ல மாட்டார்கள். வலு இருக்கிறது என்றால், அது எங்கே போய்விடுகிறது?

இந்தக் கேள்வியோடு நான் நெடுநாள் அலைந்தேன். பொத்துவிலில் இருக்கும் நண்பரிடம் பேசியபோது அவருக்கும் இதே கவலை இருந்தது. அவருடைய மகன் அறுகம்பையில் அலைச்சறுக்குப் பலகையோடு வளர்ந்தவன். பலகையில் குப்புறப் படுத்துக் கையால் வலித்துப் பேரலைகளைத் தாண்டிப் போகிறவன். அவனைத் தடாகத்தில் இறக்கினால் 50 மீற்றருக்குள் மூச்சு வாங்குகிறது. அவனுக்கும் வலு போதாது என்றுதான் சொல்லியிருக்கிறார்கள். கடலையும் வாவியையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு வளரும் பிள்ளைகள் எல்லோருக்கும் ஒரே குறை எப்படி வரும்? அது குறைதானா என்பதே எனக்குச் சந்தேகமாக இருந்தது.

வாவி வளர்த்த கழுத்து

மருமகளுக்கு நீந்தப் பழக்கியவர் என் தகப்பனார். மட்டக்களப்பு வாவியில், இடுப்பளவுத் தண்ணீரில், வயிற்றுக்குக் கீழே கையைக் கொடுத்துப் பழக்கினார். அவர் சொல்லிக்கொடுத்த முதல் பாடம், தலை மேலே இருக்க வேண்டும், கண் முன்னால் இருக்க வேண்டும் என்பது. வாவியில் அதைவிட நல்ல பாடம் கிடையாது. தலையைப் புதைத்துக்கொண்டு நீந்துகிறவர் வலைக்கம்பில் மோதுவார், ஆற்றுவாழைக்குள் மாட்டிக்கொள்வார், இயந்திரப் படகுக்காரரின் கண்ணில் பட மாட்டார். முதலை இருப்பதும் நம் எல்லோருக்கும் தெரியும். மாரியில் வெள்ளம் இறங்கினால் ஒரு முழத்துக்குக் கீழே கையே தெரியாது. 2004 சுனாமிக்குப் பிறகு எங்கள் கரையோரத்தில் எத்தனையோ வீடுகளில் பிள்ளைகளைத் தண்ணீர்ப் பக்கமே விடவில்லை. அந்தப் பயத்துக்கு நடுவிலும் பேத்தியை வாவிக்குக் கூட்டிப்போன மனிதர், அவள் உயிரோடு கரையேற வேண்டும் என்பதற்காகச் சொன்ன பாடம் அது. வேகத்துக்காகச் சொன்னதல்ல.

தடாகத்தில் அதே பாடம் ஏன் காலை வாருகிறது என்பதற்கு இயற்பியலில் தெளிவான விளக்கம் உண்டு. நம் உடம்பில் காற்று இருப்பது நெஞ்சில். ஆகவே தண்ணீர் நம்மைத் தூக்கிப் பிடிக்கும் மையம் நெஞ்சுப் பக்கம் விழுகிறது. உடம்பின் பாரம் குவியும் மையமோ இடுப்புக்கு அருகே இருக்கிறது. இந்த இடைவெளியால்தான், அசையாமல் மிதக்கப் பார்க்கும் எவருக்கும் கால் தானாகக் கீழே இறங்குகிறது. அதோடு தலையையும் தண்ணீருக்கு வெளியே நிமிர்த்தினால் நிலைமை இன்னும் மோசமாகிறது. 4 கிலோவுக்கு மேற்பட்ட பாரத்தை அதுவரை தண்ணீர் தாங்கியது. வெளியே எடுத்த கணத்திலிருந்து அதை உடம்பு தாங்க வேண்டும். கழுத்து பின்னால் வளைய, முதுகு வளைய, இடுப்பு இறங்குகிறது. பின்பக்கத்தில் ஆட்கள் நெருக்கி உட்கார்ந்த தோணியை வலித்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

உடம்பு இப்படிச் சாய்ந்தால் தண்ணீருக்கு அது காட்டும் முகப்பு பெரிதாகிவிடுகிறது. முன்பு தலையும் தோளும் திறந்த வழியிலேயே இடுப்பும் காலும் போயின. இப்போது தொடை தனியாக ஒரு வழியைத் திறக்க வேண்டியிருக்கிறது. தண்ணீர் காற்றைவிட ஏறத்தாழ 800 மடங்கு அடர்த்தியானது. வேகம் இரண்டு மடங்கானால் அதன் எதிர்ப்பு நான்கு மடங்காகிறது, அதை வெல்லத் தேவையான திறன் எட்டு மடங்காகிறது. ஆகவே சாய்ந்த உடம்போடு வேகத்தைக் கூட்ட நினைக்கும் பிள்ளை, தன் வலுவின் பெரும்பகுதியைத் தன் கால்களை இழுத்துப் போகவே செலவிடுகிறது. இறங்கிய காலைத் தூக்குவதற்காக இன்னும் பலமாக உதைக்கிறது. பிரீஸ்டைலில் முன்னேற்றம் பெரும்பாலும் கைகளிலிருந்துதான் வருகிறது. தொடைத் தசைகளோ உடம்பின் மிகப் பெரிய தசைகளில் சில, மூச்சை வாரிக் குடிப்பவை. முதல் 50 மீற்றர் சமமாக வந்த பிள்ளை இரண்டாம் 50இல் ஏன் கரைந்து போனாள் என்பது இப்போது புரியும்.

உப்பின் பங்கும் இதில் உண்டு, அதை நம் ஊர்க்காரர்கள் குறைத்து மதிப்பிடுகிறார்கள். கடல்நீர் நன்னீரைவிட ஏறத்தாழ 2.5 வீதம் அடர்த்தி கூடியது. 50 கிலோ எடையுள்ள பிள்ளைக்குக் கடலில் ஒரு கிலோவுக்குச் சற்று மேலான தூக்கல் சும்மா கிடைக்கிறது. பாசிக்குடாவின் அமைதியான தண்ணீரில் கால் தானாக மேலே நிற்பது இதனால்தான். வாவி இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. மாரியில் நன்னீராகி, முகத்துவாரம் வெட்டிய பிறகு மெல்ல மெல்ல உவராகிறது. அறுகம்பைப் பையனுக்கோ உப்போடு பலகையும் சேர்ந்து காலைத் தாங்குகிறது. அவன் தலை நிமிர்ந்திருப்பதற்குப் பலகை இடம் கொடுக்கிறது, வரும் அலையைப் பார்க்க அது தேவையும்கூட. இப்படி வளர்ந்த பிள்ளைகளைக் கொண்டுபோய் நன்னீர்த் தடாகத்தில் விட்டால், அதுவரை யாரோ தாங்கிக்கொண்டிருந்த காலை முதல்முறையாக அவர்களே தாங்க வேண்டியிருக்கிறது.

உடம்பின் கிடப்புக்கு, அதாவது தண்ணீரில் அது கிடக்கும் விதத்துக்கு, இவ்வளவு பெரிய பங்கா என்று கேட்பவர்களுக்கு நான் நீச்சலுடைக் கதையைச் சொல்வேன். 2008இல் ஸ்பீடோ நிறுவனத்தின் எல்.இசட்.ஆர். ரேசர் உடை வந்தது. அடுத்த ஆண்டு உடம்பு முழுவதையும் இறுக்கி மூடும் பொலியூரித்தேன் உடைகள் வந்தன. 2009 ரோம் உலகப் போட்டியில் மட்டும் 43 உலக சாதனைகள் விழுந்தன. அந்த வீரர்களின் கைகள் ஒரே ஆண்டில் முறுக்கேறிவிடவில்லை. உடை உடம்பை இறுக்கி வழுவழுப்பாக்கியது, இடுப்பையும் காலையும் மேலே மிதக்க வைத்தது, சோர்ந்த பிறகும் அந்தக் கிடப்பைக் குலையாமல் பிடித்துவைத்தது. 2010 ஜனவரி முதல் அவை தடைசெய்யப்பட்டன. ஆனாலும் ஜேர்மனியின் பவுல் பீடர்மான் 2009இல் 400 மீற்றர் பிரீஸ்டைலில் பதித்த 3:40.07 என்ற நேரத்தை 2025 வரை எவராலும் தொட முடியவில்லை. உலகத்தின் மிகச் சிறந்த நீச்சல்காரர்களுக்கே கிடப்பு இத்தனை கொடுக்கும் என்றால், பதினைந்து வயதுப் பிள்ளைக்கு எவ்வளவு கொடுக்கும்!

மடிப்பு

விடை கிடைத்தது ஒரு சனிக்கிழமைக் காலையில். பாடசாலை விளையாட்டு ஆசிரியராக இருந்து ஓய்வுபெற்ற ஒருவர் இப்போது பிள்ளைகளுக்கு நீச்சல் பயிற்றுவிக்கிறார். அவரிடம் மருமகளைக் கூட்டிப்போனேன். அவர் அவளை நீந்தச் சொல்லவில்லை. சுவரோடு நின்று, ஒரு உள்ளங்கையை மற்றதன் மேல் வைத்துக் கைகளைத் தலைக்கு மேலே நீட்டி, புயத்தால் காதை இறுக்கி, சுவரைக் காலால் உந்திவிட்டு, தானாக நிற்கும்வரை அசையாமல் போகச் சொன்னார். போனாள். தடாகத்தின் ஓரத்தில் மூலை உடைந்த நீல ஓடு ஒன்று இருந்தது. அதற்கு நேரே நின்றுவிட்டாள். திரும்பவும் போகச் சொன்னார். திரும்பவும் அந்த ஓடு.

பிறகு அவளை ஓரத்துக்குக் கூப்பிட்டார். "பிடரியில் கையை வையுங்கள் மகள். இப்போது எதிர்ச் சுவரைப் பாருங்கள். விரலுக்குக் கீழே என்ன தெரிகிறது?"

"தோல் மடிகிறது சேர்."

"இப்போது கீழே பாருங்கள்."

அவள் கீழே பார்த்தாள். மடிப்பு விரிந்து பிடரி நீண்டது. "அந்த மடிப்பு இருக்கும்வரை கால் மேலே வராது. நீந்தும்போது உங்கள் பிடரியில் தண்ணீர் ஓட வேண்டும். ஓடுகிறதா என்பதை மட்டும் கவனியுங்கள். கையையும் காலையும் மறந்துவிடுங்கள்" என்றார்.

அடுத்த முறை உந்தியபோது நான் ஓரத்தில் குனிந்து நின்று பார்த்தேன். உச்சந்தலையில் பிளந்த தண்ணீர் பிடரி வழியாக வழிந்து, இரண்டு தோள்பட்டைகளுக்கும் நடுவே மெல்லிய தகடாக ஓடியது. முன்பு தண்ணீருக்குள் காணாமல் போயிருந்த குதிகால்கள் இரண்டும் மேலே வந்து ஈரத்தில் மின்னின. உடைந்த ஓட்டைத் தாண்டினாள். நின்றுவிடுவாள் என்று நான் நினைத்த இடத்தையும் தாண்டி, தன் உயரத்துக்கும் மேலான தூரம் வழுக்கிக்கொண்டு போய்த்தான் நின்றாள். அதே கால், அதே உந்தல். ஒரு கைவீச்சுக்கூட இல்லை. 'வலு போதாது' என்ற பேச்சுக்கு இதைவிடச் சுத்தமான பதிலை நான் கண்டதில்லை.

ஆனால் எழுந்து நின்ற பிள்ளையின் முகத்தில் மகிழ்ச்சி இல்லை. என்னைப் பார்த்து, "பயமாக இருக்கிறது மாமா. முன்னால் என்ன இருக்கிறது என்றே தெரியவில்லை" என்றாள். அந்த வார்த்தை என்னை உலுக்கிவிட்டது. தலையை இறக்கு, தலையை இறக்கு என்று தடாகத்தின் ஓரத்தில் நின்று கத்தும் பயிற்றுநர்களை எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன். சொன்னதைக் கேளாத பிள்ளை, பிடிவாதக்காரி என்று அவர்கள் எரிச்சல்படுவதையும் பார்த்திருக்கிறேன். பிள்ளை பிடிவாதம் பிடிக்கவில்லை. தன்னைக் காப்பாற்றிய பழக்கத்தைக் கைவிடச் சொல்கிறார்கள், அதை விட்டால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியவில்லை.

அந்த ஆசிரியருக்கு இது விளங்கியிருந்தது. அவர் தலையைப் பற்றி மேலும் ஒரு வார்த்தை பேசாமல் தண்ணீருக்கு அடியில் இருக்கும் கறுப்புக் கோட்டைக் காட்டினார். அந்தக் கோடு சுவர்வரை போகாது. சுவருக்கு 2 மீற்றர் முன்பே ஒரு குறுக்குக் கோட்டோடு முடிந்துவிடும். உலக விதிப்படி அமைத்த எந்தப் போட்டித் தடாகத்துக்குப் போனாலும் இந்த அளவு மாறாது. "வாவியில் வழி முன்னால் இருக்கிறது. இங்கே வழி கீழே இருக்கிறது. குறுக்குக் கோடு வந்தால் சுவர் வருகிறது என்று அர்த்தம். அதற்கு முன்னால் உங்களை மோத இங்கே எதுவும் இல்லை" என்றார். அன்று முழுவதும் அவள் செய்தது ஒன்றே ஒன்றுதான். மெதுவாக நீந்தி, குறுக்குக் கோட்டைக் கண்டு, சுவரைத் தொடுவது. தலையைத் தூக்காமலே சுவர் எங்கே என்று தெரிந்துகொள்ளும் நம்பிக்கை மெல்ல மெல்லப் படிந்தது. மற்றவை பின்னால் தாமாக வந்தன. உடம்பு உருளத் தொடங்கியது, கை நீண்டு போய் விழுந்தது, ஒரு நீளத்துக்குத் தேவைப்பட்ட கைவீச்சுகள் குறைந்தன. மூச்செடுக்கத் தலையைத் தூக்கத் தேவையில்லை என்பதும் புரிந்தது. தலை தண்ணீரைப் பிளக்கும்போது கன்னத்துக்குப் பக்கத்தில் ஒரு சிறு பள்ளம் விழுகிறது. உடம்போடு சேர்ந்து தலையும் உருண்டால், ஒரு கண் தண்ணீருக்குள் இருக்கும்போதே வாய்க்கு அந்தப் பள்ளத்தில் காற்று கிடைத்துவிடும்.

தடாகத்தின் குறை கழுத்தில் தெரியும்

கிடப்பு சரியானால் எல்லாம் சரி என்று இதை முடித்துவிட முடியாது. சில வாரங்களில் தொடர்ந்து மழை பெய்தது, நீர் சுத்திகரிக்கும் பம்பியும் சரியாக ஓடவில்லை, தடாகத்துத் தண்ணீர் கலங்கிப் பச்சை படர்ந்தது. கறுப்புக் கோடு மங்கிப்போனது. அன்றைக்கே மருமகளின் தலை மேலே வந்துவிட்டது, இடுப்பு இறங்கிவிட்டது. நேரக் கணிப்பானைப் பார்த்தவர்கள் பிள்ளை பின்வாங்கிவிட்டாள் என்றார்கள். அவளுக்கு வழி தெரியவில்லை என்பதை ஒருவரும் கேட்கவில்லை. உடம்பின் கிடப்பையும் தடாகத்தின் நிலைமையையும் இரண்டு தனித்தனி விடயங்களாகப் பேசுவதை நான் அன்றோடு விட்டுவிட்டேன். தண்ணீர் கெட்டால் முதலில் கழுத்து கெடுகிறது.

மற்ற நிலைமைகளும் இதே வழியில்தான் வேலை செய்கின்றன. நீர்மட்டத்துக்குச் சமமான வடிகால் விளிம்பு உள்ள தடாகத்தில், ஓரத்துக்கு வரும் அலை வழிந்து இறங்கி அடங்கிவிடும். சுவர் ஒரு சாண் மேலே நிற்கும் பழைய அமைப்பில் அதே அலை மோதித் திரும்பி வரும். பாதைகளைப் பிரிக்கும் கயிற்றில் அலையை உடைக்கும் சக்கரங்கள் இல்லாமல் வெறும் மிதவைகள் மட்டும் இருந்தால், பக்கத்துப் பிள்ளையின் உதைப்பெல்லாம் இங்கே வந்து வாயில் அடிக்கும். ஒருமுறை தண்ணீர் குடித்த பிள்ளை அடுத்த மூச்சுக்குத் தலையை ஒரு விரற்கடை கூடுதலாகத் தூக்கும். கூரையில்லாத தடாகத்தில் கச்சான் வீசினாலும் இதுதான். வெப்பமும் அப்படித்தான். போட்டித் தடாகத்தின் நீர் 25 முதல் 28 பாகை செல்சியஸுக்குள் இருக்க வேண்டும் என்பது உலக விதி. எங்கள் பக்கத்துச் சித்திரை வெயிலில் திறந்தவெளித் தண்ணீர் 30ஐத் தாண்டிவிடும். உடம்புச் சூடு வெளியேற வழியில்லாமல் பிள்ளை சோர்கிறது, சோர்ந்தால் முதலில் இறங்குவது இடுப்பு.

ஆழத்தைப் பற்றி நிறையப் பேசுகிறார்கள். 2008 பெய்ஜிங் தடாகம் 3 மீற்றர் ஆழம், வேகமான தடாகம் என்று பெயர் வாங்கியது. 2024 பாரிஸ் தடாகம் 2.15 மீற்றர்தான். அடியில் மோதி எழும் கலக்கத்தால் நேரம் கூடுகிறது என்று போட்டியின் முதல் நாட்களிலேயே பேச்சு எழுந்தது. அதே தண்ணீரில் ஜூலை 31ஆம் திகதி சீனாவின் பான் சான்லே 100 மீற்றர் பிரீஸ்டைலை 46.40 செக்கனில் நீந்தி உலக சாதனை படைத்தார். இதைக் காட்டி ஆழம் ஒரு பொருட்டே அல்ல என்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. உலகத்தின் மிகச் சிறந்த கிடப்பு உள்ளவருக்குத் தடாகம் கொஞ்சம் எடுத்துக்கொண்டாலும் மிச்சம் நிறைய இருக்கும். பழகிக்கொண்டிருக்கும் பிள்ளைக்கு எடுத்துக்கொடுக்க மிச்சமே இல்லை. 2013 பார்சிலோனா உலகப் போட்டிக்காகப் பொருத்திய தற்காலிகத் தடாகத்தில் மெல்லிய நீரோட்டம் இருந்திருக்க வேண்டும் என்று, நீண்ட தூரப் போட்டிகளின் போகும் நேரத்தையும் வரும் நேரத்தையும் ஒப்பிட்டு ஆய்வாளர்கள் காட்டினார்கள். அத்தனை பணம் கொட்டிக் கட்டிய இடத்திலேயே இது நடக்கிறது.

ஆகவே ஒரு தடாகத்தில் எடுத்த நேரத்தையும் வேறொரு தடாகத்தில் எடுத்த நேரத்தையும் ஒரே தாளில் பக்கம் பக்கமாக எழுதிப் பிள்ளைகளைத் தெரிவுசெய்வது அநியாயம் என்று நான் உறுதியாக நம்புகிறேன். நீளம் ஒன்றே போதும், கணக்கு மாறிவிடும். 25 மீற்றர் தடாகத்தில் 100 மீற்றருக்கு மூன்று திருப்பங்கள், 50 மீற்றரில் ஒன்றே ஒன்று. சுவரை உந்தும் கணத்தில் கிடைக்கும் வேகம் நீந்தும் வேகத்தைவிட அதிகம். 2021இல் அவுஸ்திரேலியாவின் கைல் சால்மர்ஸ் 25 மீற்றர் தடாகத்தில் 100 மீற்றர் பிரீஸ்டைலை 44.84 செக்கனில் முடித்தார். நீண்ட தடாகத்தில் அந்த நேரத்தை இன்றுவரை எவரும் கனவிலும் நெருங்கவில்லை. உலக அமைப்பே இரண்டுக்கும் தனித்தனிப் பட்டியல் வைத்திருக்கிறது. நம் பயிற்றுநர்களும் நேரத்துக்குப் பக்கத்தில் தடாகத்தின் நீளம், திறந்தவெளியா கூரையுள்ளதா, தண்ணீர் தெளிவா கலங்கலா, எந்தப் பாதை என்று நான்கு சொற்கள் எழுதி வைக்கலாம். காசு செலவில்லாத வேலை. அந்த நான்கு சொற்கள் இருந்திருந்தால், கலங்கிய வாரத்து நேரத்தைக் காட்டி எந்தப் பிள்ளையையும் வீட்டுக்கு அனுப்பியிருக்க மாட்டார்கள்.

மருமகள் இப்போது இரண்டு விதமாகவும் நீந்துகிறாள். வாவியில் சில கைவீச்சுகளுக்கு ஒருமுறை கண்ணை மட்டும் தண்ணீருக்கு மேலே எடுத்து முன்னால் பார்த்துவிட்டு உடனே இறக்குகிறாள். திறந்த நீரில் நெடுந்தூரம் நீந்துபவர்கள் செய்வதும் அதுவே. என் தகப்பனாரின் பாடம் அதில் குறையாமல் இருக்கிறது. தடாகத்தில் பிடரியில் தண்ணீர் ஓடுகிறது. வலப்பக்கம் மூச்செடுக்கும்போது எல்லாம் சரி. இடப்பக்கம் எடுக்கும்போது மட்டும் வலக்கை உடம்பின் நடுக்கோட்டைத் தாண்டி உள்ளே போய்விடுகிறது, அதைச் சமப்படுத்தக் கால்கள் கத்தரியாக விரிகின்றன. மாரி தொடங்குமுன், தண்ணீர் தெளிவாக இருக்கும்போதே அதைத் திருத்திவிட வேண்டும் என்று ஆசிரியர் சொல்லியிருக்கிறார். பொத்துவில் நண்பருக்கும் சொல்லிவிட்டேன், வரும் சனிக்கிழமை மகனோடு வருகிறார்.